ஒண்ணு, ரெண்டு, நாலு

என் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தர எதிர்வீட்டு டீச்சரா? நான் என்ன செத்தா போய்விட்டேன்? பழைய கட்டிலும் பீரோவும் வாங்கி விற்று, அடிபட்டு மிதிபட்டு முன்னுக்கு வந்தவன். பேரத்தில் என்னை மடக்க ஒருத்தன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

"கணக்கு உங்களுக்கு வரும். பொறுமைதான் வராது," என்றாள் மனைவி. "நீங்க கத்தினா குழந்தை கையில பென்சில் நடுங்குது."

மூன்றாம் வகுப்புக் குழந்தை. எனக்குச் சுருக்கென்றது.

"இன்னிக்கு ஒரு பாடம். கத்தாம நடத்திக் காட்டறேன்."

"கத்திட்டா?"

"டீச்சர்கிட்டயே அனுப்பு!"

"ராத்திரிப் பாத்திரமும் நீங்கதான் தேய்க்கணும்."

"ரெண்டு தடவை கத்தலாம்னு வெச்சுக்க."

"ஒரு தடவைகூடக் கூடாது."

"முக்கால் தடவை?"

"கூடாது."

ரோஷத்தில் ஒத்துக்கொண்டேன்.

துணி மாட்டும் கிளிப்புகளைத் தரையில் வைத்தேன். முதலில் ஒன்று. பக்கத்தில் இரண்டு. அதற்குப் பக்கத்தில் நாலு. கடைசியாக, சாக்பீஸால் ஒரு காலிக் கட்டம்.

"இதுல எத்தனை வரும், கண்ணு?" தேன் ஒழுகக் கேட்டேன்.

"ஏழு."

சிரித்தேன். "நல்லா யோசி."

"ஏழு."

மூச்சை இழுத்துப் பிடித்தேன். அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஏழேதாம்ப்பா."

"எட்டு! ரெட்டிப்பு ரெட்டிப்பா போகுது பாரு, எட்டு!"

ஜன்னலில் இருந்த பூனை அடுத்த தெருவுக்குக் குடிபோனது. மகள் அழவில்லை. விரலை வைத்துக் காட்டினாள்.

"முதல்ல ஒண்ணு கூடுது. அப்புறம் ரெண்டு கூடுது. அடுத்து மூணு கூடினா ஏழு. உங்க எட்டும் சரிதாம்ப்பா."

எண்ணிப் பார்த்தேன். அவள் கணக்கும் சரிதான்.

"யாரு சொல்லித்தந்தா?"

"அம்மா. இன்னொரு வரிசையும் சொன்னாங்க. அப்பா முதல்ல சிரிப்பார், அப்புறம் மூச்சு இழுப்பார், அப்புறம் கத்துவார். அடுத்த கட்டத்துல என்ன வரும்னு தெரிஞ்சா பயமே வராதாம்."

"என்ன வருமாம்?"

கேட்கும்போதே என் கைகள் அவளைத் தூக்கி மடியில் வைத்துவிட்டிருந்தன.

"இதான்," என்று சாய்ந்துகொண்டாள்.



"டீச்சர் வேணாம்மா," என்று மடியிலிருந்தே குரல் கொடுத்தாள். "தினமும் அப்பாவே சொல்லித்தரட்டும்."

"தாராளமா!" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து. "மடிக்கு அடுத்த கட்டத்துல என்ன வரும், செல்லம்?"

"பாத்திரம்!"

"தினமுமா?" என்றேன்.

"வரிசைன்னா அப்படித்தாம்ப்பா."

வாயை மூடிக்கொண்டு குழாயைத் திறந்தேன்.