மண்டபத்துக்கு ஐந்தாவது பலகை

"சார், தொடப்பத்தை எங்க வைக்கறது?"

கண்காணிப்பாளர் நிமிரவில்லை. கோப்பின் கடைசிப் பக்கத்தில் குமாஸ்தா பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். குறி இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இருபத்தெட்டு வருடப் பழக்கம்.

"எங்கயாவது வைம்மா."

"எங்கயாவதுன்னா? இத்தனை வருஷமும் மேல மண்டபத்துலதான் வச்சேன். சண்டைன்னு நீங்க பூட்டிட்டீங்க. வாளி வெயில்ல வெடிக்குது."

பெருக்குகிற அக்காவுக்கு வாளிக் கவலை. அவருக்கு மண்டபக் கவலை.

குன்றின் மேல் இருந்தது அந்தப் பழைய வழிபாட்டிடம். அவர் வேலையில் சேர்ந்த முதல் வருடமும் அடிவாரத்தில் இதே ஆபீஸ்தான். அப்போது மேலே மராமத்து நடந்தது. எட்டு வருடம் பொதுமக்களை உள்ளே விடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு படி என்பதால் அவரும் ஏறவில்லை. நாலே மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றினார்கள். பிறகு ஊர் ஊராகச் சுற்றி, ஒன்பது வருடம் முன்பு மறுபடி இங்கேயே வந்து விழுந்தார்.

மேலே ஒரு மூலையில் ஜன்னல் இல்லாத சின்னக் கல் மண்டபம். அரசி ஒருத்தி நோன்பிருக்கக் கட்டியது என்றது மேற்குத் தெரு. துறவி ஒருவர் தவமிருக்கத் தன் கையாலேயே கட்டியது என்றது கிழக்குத் தெரு. ஆதாரம்? 'எங்களுக்குத் தெரியும்' என்பதுதான், இரண்டு பக்கமும்.

பெரிய அதிகாரி போனில் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை வர்றேன். மண்டபத்துக்குப் பெயர்ப் பலகை இருக்கணும், சண்டை இருக்கக் கூடாது. அப்படி இருந்தா உங்க மாற்றல் உத்தரவுல அங்கேயே கையெழுத்து."

மாற்றல்! ஒன்பது வருடமாக மனைவி ஓர் ஊரில், அவர் ஓர் ஊரில். ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு, அவர் கழுவினால்தான் சுத்தமாகும் ஒற்றை டம்ளர்.

திங்கட்கிழமை 'அரசி மண்டபம்' என்று பலகை வைத்தார். மதியத்துக்குள் கிழக்குத் தெரு முழுக்க ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டது.

"ரெண்டு பேரையும் எழுதிடுப்பா" என்றார் போர்டு பெயிண்டரிடம்.

"எது சார் மேல?"

அதை அவர் யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அரசி மேலே, துறவி கீழே. "எங்க துறவி அந்தம்மா காலடியிலயா?" என்று கிழக்குத் தெரு கொதித்தது.

"பக்கத்துல பக்கத்துல போட்டுடு."

"வேணாம் சார். துறவி பக்கத்துல ஒரு பொம்பளையை நிறுத்தினா ரெண்டு தெருவும் சேர்ந்து என்னைத்தான் அடிக்கும்."

அடிக்கவில்லை. மூன்றாவது பலகை பாதியில் இருக்கும்போதே பிரஷ்ஷை மட்டும் பிடுங்கிக் கொண்டார்கள்.

புதன்கிழமை நாலாவது பலகை. 'பழமையான கல் மண்டபம்.' யாரும் குறை சொல்ல முடியாது என்று நிம்மதியாக டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இரண்டு தெருவும் முதல்முறையாகக் கைகோத்துக்கொண்டு வந்தன.

"அப்பன் பேர் தெரியாத பிள்ளையா சார் எங்க மண்டபம்?"

அன்று மாலை மனைவி போன் செய்தாள்.

"பெட்டி கட்டியாச்சா?"

"ஒரு பேருதான் பாக்கி."

"நம்ம பொண்ணுக்கே நாலு நாள்ல பேர் வச்சோம்."

"அங்க உங்கம்மா சொன்னதுதான் முடிவு. இங்க எனக்கு ரெண்டு மாமியார்."

"வெள்ளிக்கிழமை வரலைன்னா இனிமே வரவே வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை முழுக்கப் பழைய கோப்புகளைப் புரட்டினார். தூசிதான் கிடைத்தது. தும்மித் தும்மிக் கண் சிவந்தது.

"சார், தொடப்பம்..."

"அம்மா தாயே! நாளைக்குப் பேசு."

வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். இரண்டு தெருக்காரர்களும் இரண்டு பக்கம் நின்றார்கள். கண்காணிப்பாளர் அவர்களைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. கட்டினது யாருன்னு தெரிஞ்சா அவங்க பேரையே வைப்போம். அரசின்னா அரசி, துறவின்னா துறவி. வேற எவனாவதுன்னா அவன் பேரு. அதுவரைக்கும் பலகையில 'ஆய்வில் உள்ளது'ன்னு இருக்கட்டும். சம்மதமா?"

இரண்டு தெருவுக்கும் தன் கட்சி ஜெயிக்கும் என்று நம்பிக்கை. எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்கள். ஐந்தாவது பலகை மாட்டியாகிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"பிரமாதம்!" என்றார் பெரிய அதிகாரி.

"அப்போ என் மாற்றல் சார்?"

"அதுக்கென்ன? கட்டினவரைக் கண்டுபிடிச்சதும் கிளம்புங்க."

"சார்?"

"நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. 'மண்டபத்தைக் கட்டியவர் யாரெனக் கண்டறியும்வரை இப்பொறுப்பை நானே வகிப்பேன்.' உங்க கையெழுத்துதானே?"

கோப்பைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். பக்கத்தில் பென்சில் பெருக்கல் குறி இன்னும் அழியாமல் இருந்தது. குமாஸ்தா ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக் கொண்டிருந்தார்.

ஜீப் போய்விட்டது. தெருக்காரர்களும் போய்விட்டார்கள். கண்காணிப்பாளர் முதல் படியிலேயே உட்கார்ந்தார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல் அடுக்கியவனை இனி எங்கே போய்த் தேடுவது? பையில் போன் அடித்தது. மனைவி. எடுக்கவில்லை.

"சார், எல்லாம் முடிஞ்சுதுல்ல? இப்பவாவது பூட்டைத் திறங்க." அக்கா ஒரு கையில் வாளி, ஒரு கையில் துடைப்பத்தோடு நின்றாள்.

"அரசியா துறவியான்னு தெரியாம எப்படிம்மா திறக்கறது?"

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அரசியாவது துறவியாவது! மராமத்து நடக்கறப்ப நான் இங்க சித்தாளு சார். மழையில மண்வெட்டி துருப்பிடிக்குதுன்னு, கெடந்த உடைஞ்ச கல்லையெல்லாம் அடுக்கி ஒரு ரூம் கட்டிக்கறோம்னு மேஸ்திரி என்கிட்ட குடுத்தனுப்பின காகிதத்துல, பெருக்கல் போட்ட இடத்துல தலையைக்கூட நிமிர்த்தாம கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே... பலகையில உங்க பேரைத்தான் சார் எழுதணும்!"