மேனேஜருக்கு ஜலதோஷம்

"உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க," என்றார் போனில் குடைக் கம்பெனி அம்மா.

டிசைனர் அறையைச் சுற்றிப் பார்த்தான். அந்த அறையில் அவன், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஜன்னலில் காயும் சட்டை. அவ்வளவுதான் கம்பெனி. தனி ஆள் என்றால் வேலை தர மாட்டார்களோ என்று பயந்து, "எங்க டீம் பெரிசு மேடம்" என்று முதல் நாளே அளந்துவிட்டிருந்தான்.

நாற்காலியை இழுத்துச் சத்தம் எழுப்பினான். மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"வணக்கம்மா, மேனேஜர் பேசறேன்."

"என்ன சார், ஜலதோஷமா?"

"ஆமாம்மா, ஏசி ஒத்துக்கல."

ஏசி எங்கே இருந்தது? ஃபேனே நினைத்துக்கொண்டால்தான் சுற்றும்.

"பெட்டி மேல அச்சடிக்க உங்க டிசைனர் வரைஞ்சு கொடுத்த குடை சோகமா இருக்கு சார்."

"குடையாம்மா?"

"குடைதான். தொட்டா அழுதுடும்போல."

"கண்டிச்சு வைக்கறேன்."

தன்னைக் கண்டித்துக்கொண்டு குடையை நிமிர்த்தி வரைந்தான். திமிராக நிற்கிறது என்றார். சாய்த்தான். குடித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்றார். சமாளிக்க ஒரு சீனியரை உண்டாக்கினான். சீனியருக்குக் கட்டைக்குரல். அம்மா சீனியரைப் பற்றியும் மேனேஜரிடமே புகார் சொன்னார்.

மேனேஜரின் ஜலதோஷம் மட்டும் விடவே இல்லை.

"இன்னுமா சார்? வெந்நீர் குடிங்க. உடம்பைப் பார்த்துக்கோங்க."

போன மாதம் டிசைனர் நிஜமாகவே காய்ச்சலில் கிடந்தபோது ஏன் என்று கேட்க ஒரு ஈ காக்கா இல்லை. மேனேஜர் மேல் அவனுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள் அம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "அந்த டிசைனரை வேலையை விட்டு எடுங்க. இல்லேன்னா எங்க வேலை உங்களுக்கு இல்ல."

மேனேஜர் பதறிப்போனார். "நல்ல பையன்மா. காலையில உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டான். தனியாத்தான் சாப்பிடுவான். சில நாள் அவன் குரலை அவனே கேட்டிருக்க மாட்டான். இந்த வேலையை விட்டா அவனுக்கு..."

மூக்கிலிருந்து கையை எடுத்த பிறகும் குரல் அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பக்கம் அம்மா மசியவில்லை. "எடுத்துட்டீங்களா இல்லையா?"

"எடுத்துட்டேம்மா."

போனை வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான். வேலை போனவனைத் தட்டிக்கொடுக்க எந்த ஆபீஸிலும் பக்கத்து நாற்காலியில் யாராவது இருப்பார்கள். இங்கே நாற்காலியே ஒன்றுதான்.

மறுபடி போன். யோசிக்காமல் சொந்தக் குரலில் "ஹலோ" என்றுவிட்டான்.

"தம்பி, நீங்களா! இன்னும் கிளம்பலையா?"

"சா... சாமானெல்லாம் எடுத்துட்டிருக்கேன் மேடம்."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு நம்ம ஆபீஸுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க."

நேரில் வைத்துத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தான். திட்டட்டும், முகம் பார்த்துத் திட்ட ஒரு ஆளாவது கிடைத்ததே என்று, இருப்பதில் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். கதவைத் திறந்ததும் சிரிப்புச் சத்தம். உள்ளே நீள மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாருங்க வேணும்?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"நான்... குடை வரைஞ்சேனே. வேலையை விட்டு எடுத்துட்டாங்க..."

அவள் துள்ளி எழுந்தாள்.

"அப்பாடா, ஒருவழியா எடுத்துட்டாங்களா! முதல் படத்தைப் பார்த்ததுமே இவர் நமக்கு வேணும்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னாங்க சார். அவ்வளவு பெரிய டீமை விட்டு நீங்களா வர மாட்டீங்கன்னுதான், அந்த மேனேஜரே உங்களைத் துரத்தற வரைக்கும் குறை சொல்லிட்டே இருந்தாங்க!"