நிற்பவர்களுக்கான இருக்கை

மனித குலம் நாலு காலிலிருந்து இரண்டு காலுக்கு எழுந்து நிற்கப் பல லட்சம் ஆண்டுகள் பிடித்தன. அந்த மகத்தான சாதனையை ஒரே நிதியாண்டுக்குள், காலை ஏழு இருபது வண்டியில் வேலைக்குப் போகும் அத்தனை பேருக்கும் கட்டாயமாக்கிக் காட்டிய பெருமை எங்கள் ‘பயணியர் சௌகரியக் குழு’வையே சாரும். அந்தக் குழுவின் குறிப்பெழுத்தர் நான். வரலாறு நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

புறநகர்ப் பாதைக்குப் புதிய வண்டிகள் வந்தன. கதவுகள் தாமாகத் திறந்தன. அடுத்த நிலையத்தின் பெயரை ஒரு பெண்குரல் கனிவாகச் சொன்னது. பழைய பெட்டியில் தொண்ணூற்றாறு பேர் உட்காரலாம். புதியதில் முப்பத்தெட்டு பேர். மீதி இடம் என்னவாயிற்று என்றால், அது இடம் அல்ல, ‘தாராளம்’ என்று கையேட்டில் போட்டிருந்தது. நன்றி கெட்ட பயணிகள் ஒரே மாதத்தில் நாலாயிரம் புகார் எழுதினார்கள். நின்றபடியே எழுதியதால் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. ‘தெளிவின்மை’ என்ற காரணத்தால் பாதியை உடனே தள்ளுபடி செய்ய முடிந்தது. மீதிப் பாதிக்காகத்தான் குழு.

குழுவில் மூன்று பேர். தலைவருக்கு முதுகுவலி. அவர் எங்கே போனாலும் அவருக்கு முன்னால் அவருடைய மெத்தை போய்ச் சேர்ந்துவிடும். அடுத்தவர் பொறியாளர், மூன்றாமவர் மருத்துவர். மூவருக்கும் ரயில் மீது மிகுந்த மரியாதை உண்டு. அதில் ஏறி அதற்குத் தொந்தரவு கொடுத்ததே இல்லை. அலுவலகக் காரில் வருவார்கள்.

முதலில் ‘அறிவியல்பூர்வமான’ கணக்கெடுப்பு நடந்தது. பகல் பதினொன்றரை மணி வண்டியில் போய்ப் பார்த்ததில், மொத்தப் பெட்டியிலும் ஒரே ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் கணக்கெடுக்கப் போனவர். ஆகவே பிரச்சினையே இல்லை என்று நிரூபணமாயிற்று. ஆனாலும் இல்லாத பிரச்சினைக்கும் தீர்வு காண்பதுதான் நிர்வாகம் என்றார் தலைவர்.

இரண்டாவது கூட்டத்தில் மருத்துவர், உட்காருவதால் உடம்புக்கு வரும் கேடுகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். உட்கார்ந்துகொண்டுதான் பேசினார். தியாகம் என்று குறித்துக்கொண்டேன். பிறகு பொறியாளர் ஒரு பலகையை மேசைமேல் வைத்தார். ஒரு சாண் அகலம். பெட்டியின் சுவரில் இடுப்பு உயரத்தில், முன்பக்கம் சரிவாகப் பொருத்துவார்களாம்.

“இதுல உக்கார முடியுமா?” என்று தலைவர் கேட்டார்.

“முடியாது சார். ஆனா உக்காரப் போறோம்ங்கற உணர்வு வரும்.”

அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ‘சாய்வுப் பலகை’ என்றால் பலகையாகிவிடும். பலகையை இருக்கைக் கணக்கில் சேர்க்க விதியில் இடமில்லை. மூவரும் யோசித்துக் களைத்தபோது, இருபது வருடமாகப் பிறர் சொன்னதை மட்டுமே எழுதிவந்த நான் வாயைத் திறந்தேன். நிற்கிறவரும் வண்டிக்குள் இருக்கிறார் அல்லவா, இருக்கிறார் என்றால் அது இருக்கைதானே, ‘நிலையிருக்கை’ என்று வைக்கலாமே என்றேன். தலைவர் என் முதுகில் தட்டினார். அந்த நிமிடமே ஒரு பெட்டிக்கு இருநூற்றுப் பத்து இருக்கைகள் ஆகிவிட்டன. மறுநாள் எனக்குச் சுழல் நாற்காலி வந்தது.

பாக்கி ஒன்றே ஒன்றுதான். அறிக்கையில் பயணியர் பிரதிநிதி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி, எப்படியோ யார் கண்ணிலும் படாமல் பிழைத்திருந்தது. நான் என் அக்காவின் பெயரைச் சொன்னேன்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். நான் படித்து முடிக்கட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள்; அப்புறம் அது தானாகவே தள்ளிப்போய்விட்டது. என்னோடுதான் இருக்கிறாள். ஆயத்த ஆடை ஆலையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடும் வேலை. ஒன்பது மணி நேரம் நின்றே செய்ய வேண்டும். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி அந்த ஏழு இருபது வண்டிப் பாதையில்தான். இடது முழங்கால் மூன்று வருடமாகத் தகராறு செய்கிறது. வீட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் கூட்டத்திலும் பேசமாட்டாள் என்பதுதான் அவளிடம் நான் கண்ட தகுதி.

கூட்டத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அறையில் ஐந்து நாற்காலிகள். நாலில் நாங்கள். ஐந்தாவதில் இருக்கை உறைக்கான மாதிரித் துணிச் சுருள்கள் உட்கார்ந்திருந்தன. அந்த முப்பத்தெட்டு இருக்கைக்கும் உறை நீலமா சாம்பலா என்ற விவாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. ‘பயணியர் பிரதிநிதி கூட்டம் முழுவதும் ஆர்வத்துடன் பங்கேற்றார்’ என்று எழுதினேன். அவள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

கடைசியில் தலைவர் அவளுடைய மேலான கருத்தைக் கேட்டார்.

“உக்காந்துட்டுச் சொல்லலாமாங்க?” என்றாள் அக்கா.

அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம். துணிச் சுருள்களை எங்கே வைப்பது என்று ஒரு ஆலோசனை தொடங்கியது. அதற்குள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீழே உட்கார்ந்தால் பார்க்க நன்றாயில்லையே அம்மா என்று தலைவர் சங்கடப்பட்டார். பார்க்கிறவர்களுக்குத்தான் அப்படி, தனக்குச் சுகமாகத்தான் இருக்கிறது என்றாள் அவள். பிறகு, இவ்வளவு பேசுகிறீர்களே, ஒருநாள் ஏழு இருபது வண்டியில் வந்து பாருங்கள், வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

குழு சவாலுக்கு அஞ்சவில்லை. அடுத்த திங்கட்கிழமை ‘கள ஆய்வு’ என்று முடிவாயிற்று. செய்தி எங்களுக்கு முன்னாலேயே நிலையத்துக்குப் போய்விட்டது. நிலைய அதிகாரி ஒரு முழுப் பெட்டியை எங்களுக்காகக் காலி செய்து, துடைத்து, கதவில் ஆள் நிறுத்தி வைத்திருந்தார். அந்தப் பெட்டியில் ஏறியிருக்க வேண்டியவர்கள் மற்றப் பெட்டிகளில் ஏறினார்கள். நாங்கள் நாலு பேர் முப்பத்தெட்டு இருக்கையில் அமர்ந்து, நெரிசல் என்று எதுவும் தென்படவில்லை எனக் கண்டறிந்தோம்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் அக்கா. சோதனைக்கென்று அதற்குள் பொருத்திவிட்டிருந்த பலகையில் சாய்ந்தபடி, மேலே தொங்கும் வளையத்துக்கு எட்டாமல், யாருடைய தோள்பையையோ பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவது நிலையம் வருவதற்குள் வண்டி திடீரென்று பிரேக் போட்டது. உட்காரப் போகிறோம் என்ற உணர்வைத் தரும் பலகையிலிருந்து அக்கா சறுக்கினாள். முழங்கால் முதலில் தரையில் பட்டது. நாலைந்து பேர் குனிந்தார்கள், அப்புறம் அவள் தெரியவில்லை.

நான் பாதி எழுந்தேன்.

“எழுதிக்கங்க,” என்றார் தலைவர், மெத்தையைச் சரிசெய்துகொண்டே. “அதிர்வு ஏதும் உணரப்படவில்லை.”

நான் உட்கார்ந்து எழுதினேன்.

அடுத்த நிலையத்தில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஆய்வு முடிந்து, குறிப்பைச் சுத்தப் பிரதி எடுத்துவிட்டு மத்தியானம்தான் போனேன். இனி பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்றார்கள். ஆலை மேற்பார்வையாளர் நல்ல மனிதர். நேரிலேயே வந்து வருத்தம் தெரிவித்தார். இஸ்திரி மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடையாது என்று மட்டும் சொன்னார். இருபத்தாறு வருட வேலை, அவர் காபி குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அறிக்கையை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு, காலை ஒரு முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வந்து பார்த்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னாளே என்று தயங்கித் தயங்கி ஞாபகப்படுத்தினேன்.

அறிக்கையைப் பிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“நான் விழுந்தப்போ நீ பாத்த இல்ல?”

“பாத்தேன் அக்கா.”

“அப்புறம்?”

“தலைவர் சொல்லிட்டு இருந்தாரு. எழுதிட்டு இருந்தேன்.”

“உக்காந்தா?”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் பேனாவுக்குக் கையை நீட்டினாள். போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது. பக்கத்து மண்டலங்களிலிருந்தெல்லாம் பிரதி கேட்டுக் கடிதம் வருகிறது. மேலிடத்துக்கு அனுப்பும் முன்னால், இணைப்புப் படிவத்தில் காலியாக விடப்பட்டிருந்த ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ‘இக்குழுவின் முயற்சியால் உட்கார இடம் கிடைத்த பயணிகள்’ என்று அதில் கேட்டிருந்தது.

பொய் எழுதிப் பழகிய கைதான். ஆனாலும் இந்த ஒரு கட்டத்தில் உண்மையை எழுதினேன்: ‘ஒருவர். ஜன்னல் ஓரம். நாள் முழுவதும்.’