வடக்குச் சுவரும் வெள்ளைக் காரும்

எழுபத்திரண்டாவது வயதில் என் மனைவியைப் பின்தொடர்வது என்று முடிவு செய்தேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று மாலைக்குள் அவள் காதுக்கே போயிருக்கும். லன்சரோட்டே சின்னத் தீவு. இங்கே ரகசியம் காற்றைவிட வேகமாகப் போகும். காற்றோ இங்கே ஓய்ந்ததே இல்லை.

அவள் பெயர் நியேவெஸ். எனக்குப் பெயர் மார்சியால். தினாஹோ ஊர். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடம். எங்களுக்குள் ஒரே ஒரு தகராறுதான். அது ஒரு சுவர்.

எங்கள் அடுப்படிக்கு வடக்கே ஜன்னல் கிடையாது. ஊரில் பழைய வீடு எதற்கும் கிடையாது. காற்று வருவதே அந்தப் பக்கமிருந்துதான். என் அப்பா எரிமலைக் கல்லைச் சுமந்து, முழங்கை நீளக் கனத்தில் கட்டிய சுவர். நியேவெஸுக்கு அதில் ஓட்டை வேண்டும்.

"பாத்திரம் கழுவும்போது கடலைப் பாக்கணும்."

"மாடிக்குப் போய்ப் பாரு."

"பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டா?"

"கடல் எங்க போயிடப் போகுது?"

"நான் போயிடுவேன் மார்சியால். அதுக்குள்ள பாக்கணும்."

இந்தப் பேச்சு முப்பத்தெட்டு வருடமாக நடக்கிறது. போன வருடம் பல் பிடுங்க நகரத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம். வந்து பார்த்தால் சுவரில் சாக்கட்டியால் ஒரு சதுரம். பல் போன வலிகூட மறந்துவிட்டது. அழித்தேன். அதிலிருந்து நான் வீட்டைவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர்ந்ததில்லை. பேரனின் ஞானஸ்நானத்துக்குப் பக்கத்துத் தீவு லாஸ் பால்மாஸுக்குப் போக வேண்டியிருந்தது. நியேவெஸைக் கப்பலேற்றிவிட்டு நான் சுவரோடு இருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் வியாழக்கிழமைகள் ஆரம்பித்தன.

முதல் வியாழன், மதியம் காதில் பவளத் தோடு மாட்டிக்கொண்டாள். கல்யாணத் தோடு. எங்கே என்று கேட்டேன். "சும்மா" என்றாள். இரண்டாவது வியாழன் தோடும் வாசனையும். மூன்றாவது வியாழன் திரும்பி வந்தபோது அவள் சட்டைத் தோளில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு.

"இது என்ன?"

"எது?"

"தோள்ல."

"அட, ஆமா." தட்டிவிட்டுக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஊரில் உடம்பெல்லாம் சுண்ணாம்போடு திரிகிறவன் ஒருவன்தான். கொத்தனார் சின்ஃபோரியானோ. மனைவியை இழந்தவன். எழுபது வயதிலும் தலையில் முடி இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின வருடம், சான் ரோக்கே திருவிழாவில், நியேவெஸோடு மூன்று பாட்டுக்கு ஆடினான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காவது வியாழனுக்கு முந்தின நாள், சூப் குடிக்கும்போது அவளாகவே சொன்னாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கே கிளம்புறேன். நாள் பூரா ஆகும்."

"நானும் இருக்க மாட்டேன். முட்டிக்கு டாக்டரைப் பாக்கணும்."

"நாள் பூராவா?"

"ரெண்டு முட்டி இருக்குல்ல?"

"நல்லது" என்றாள்.

அந்த "நல்லது" இரவெல்லாம் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சுவரைக் காக்க ஆளில்லையே என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. பொறாமை வந்தவனுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும்.

என் ஜீப்பில் போக முடியாது. அது இருமுவதை மூன்று ஊர் தள்ளியிருக்கிறவன்கூட அடையாளம் சொல்வான். இந்தத் தீவில் யார் கண்ணிலும் படாத வண்டி ஒன்றுதான். வெள்ளை வாடகைக் கார். விமான நிலையத்திலிருந்து ஒரு நாளைக்கு ஆயிரம் கிளம்புகிறது. நாங்கள் ஆட்டைப் பார்ப்போம், ஒட்டகத்தைப் பார்ப்போம், வாடகைக் காரைப் பார்க்க மாட்டோம்.

ஏழு மணி பஸ்ஸில் விமான நிலையம் போனேன். மகள் எப்போதோ கொடுத்த பூப்போட்ட சட்டை. கறுப்புக் கண்ணாடி. யாரோ கடற்கரையில் விட்டுப்போன வைக்கோல் தொப்பி. வாடகைக் கார் மேஜையில் இருந்த பெண் சிரித்தாள்.

"விடுமுறைக்கா ஐயா?"

"ஆமா."

லைசென்ஸைப் பார்த்தாள். "தினாஹோவா! இங்கேருந்து அரை மணி நேரம்தானே?"

"பக்கத்துல விடுமுறை எடுத்தா தப்பா?"

"தப்பில்ல. ஆனா மூணு நாளைக்குக் கம்மியாத் தர மாட்டோம்."

"கொடு."

வரைபடத்தை விரித்து வட்டம் போட்டாள். "இது நெருப்பு மலை. கட்டாயம் பாருங்க. பூமிக்கு அடியில இன்னும் சூடு இருக்கு."

"எனக்கு அடியிலயும் இருக்கு. சாவியைக் கொடு."

பத்து மணிக்குத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். நியேவெஸின் சிவப்புச் சின்னக் கார் வந்தது. தோடு மின்னியது. பின்தொடர்ந்தேன்.

ரொம்ப மெதுவாக ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வெகு தூரம் முன்பே விளக்கு போட்டுக் காட்டினாள். எவ்வளவு பொறுப்பாக ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். ஏமாற்றுகிற பெண்ணுக்கு இவ்வளவு பொறுப்பு எதற்கு என்றும் நினைத்தேன்.

லா ஹேரியா வந்தது. இரண்டு பக்கமும் கறுப்புச் சாம்பலில் குழி குழியாகத் திராட்சை. ஓரமாக நிறுத்தி இறங்கினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றாள். நான் ஒரு ஜெர்மன் குடும்பத்துக்குப் பின்னால் பதுங்கினேன். ஒவ்வொரு குழியாகப் பார்த்தேன். சின்ஃபோரியானோ உயரமானவன். குழியில் படுத்தாலும் கால் தெரியும். தெரியவில்லை.

யாய்சா ரவுண்டானாவில் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு டூரிஸ்ட் பஸ் புகுந்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். பஸ் நகர்ந்ததும் பார்த்தால் சிவப்புக் கார் ரவுண்டானாவை மூன்றாவது தடவை சுற்றிக்கொண்டிருந்தது. குழப்பத்தில் இருக்கிறாள், மனசாட்சி குத்துகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தீவில் தெரிந்த வண்டி எதிரே வந்தால், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவோம். சாவு வீட்டுக்குப் போகும்போதும் தூக்குவோம். அது நாம் செய்வதில்லை, விரல் செய்வது. ரவுண்டானாவுக்கு முன்பே ரொட்டி வண்டி எதிரே வந்தது. விரல் தூக்கிவிட்டது. ரொட்டிக்காரன் பிரேக் போட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். பாதிரியார் வந்தார். தூக்கிவிட்டது. தண்ணீர் லாரி. தூக்கிவிட்டது. உடம்புக்குச் சட்டையும் தொப்பியும் போட்ட நான் விரலுக்கு வேஷம் போட மறந்துவிட்டேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஹனூபியோ உப்பளத்தில் இறங்கிப் பார்த்தாள். லோஸ் எர்விதெரோஸில் பாறைக் குகைக்குள் கடல் இடிப்பதைப் பார்த்தாள். எல் கோல்ஃபோவில் பச்சைக் குளத்தைப் பார்த்தாள். எல்லா இடத்திலும் தனியாக நின்றாள். எல்லா இடத்திலும் நான் தேடினேன். அவன் எங்கேயும் இல்லை. இத்தனை இடத்தில் இல்லாதவன் எவ்வளவு தந்திரக்காரனாக இருக்க வேண்டும்!

மதியம் மீன் கடையில் உட்கார்ந்தாள். நான் மூலையில், தூணுக்குப் பின்னால். அவள் மேஜையில் இரண்டு தட்டு வைத்தார்கள். இரண்டு! வரட்டும் என்று முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

யாரும் வரவில்லை. பரிமாறுகிறவன் இரண்டாவது தட்டில் மீனும் அவித்த உருளைக்கிழங்கும் எடுத்துவைத்து, நேராக என்னிடம் கொண்டுவந்தான்.

"வெளிநாட்டு ஐயாவுக்கு. உப்பில்லாம."

டாக்டர் எனக்கு உப்பை நிறுத்தி ஆறு வருடம். யார் கொடுத்தது, ஏன் உப்பில்லை என்று கேட்க நினைத்தேன். ஆனால் வெளிநாட்டானுக்கு எங்கள் பேச்சு தெரியாதே. தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது. சந்தேகத்தோடு சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு தெற்கு மூலைவரை இழுத்துக்கொண்டு போனாள். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பினாள். நான் காரைத் தேவாலயத்தின் பின்னால் விட்டு, தொப்பியைக் கழற்றி, இரண்டு முட்டியும் நொண்டியபடி உள்ளே போனேன்.

அடுப்படியில் வெளிச்சம். வரக்கூடாத பக்கத்திலிருந்து.

வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல். நீலச் சட்டம், கண்ணாடி, தாழ்ப்பாள், எல்லாம் முடிந்திருந்தது. அதற்குள் கடல், அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே கரணையைக் கழுவிக்கொண்டு சின்ஃபோரியானோ.

"வா மார்சியால். உங்க அப்பா நல்லாத்தான் கட்டியிருக்கார். இடிக்கவே மதியம் ஆயிடுச்சு."

"நீ... காலைலேர்ந்து இங்கயா இருந்தே?"

"பத்தரைக்கு வந்தேன். நீ எங்க தேடுனே?"

நியேவெஸ் தோட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சுண்ணாம்பு?" என்றேன்.

"நானே தடவிக்கிட்டேன். முதல் ரெண்டு வாரம் தோட்டுக்கு நீ அசையலையே."

"நான் வந்தது தெரியுமா?"

"ஜீப்புலதான் வருவேன்னு நெனச்சேன். பதினொரு மணிக்கு ரொட்டிக்காரன் போன்ல கூப்பிட்டான். 'மார்சியால் பூச்சட்டை போட்டு வாடகைக் கார்ல போறான், அவனுக்கு உடம்பு சரியில்லையா'ன்னு. அப்புறம் பாதிரியார். அப்புறம் தண்ணி லாரி." என் பூச்சட்டைக் காலரை நீவிவிட்டாள். "எனக்காக வாடகைக் கார் எடுத்தியே. நாப்பத்து நாலு வருஷத்துல இப்படி ஒண்ணு நீ பண்ணதில்ல."

நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

"சாத்து, சாத்து. பூச்சு காய ரெண்டு நாள் ஆகும், தூசி பறக்கும்னு சின்ஃபோரியானோ சொல்றான். வீட்டுல இருக்க முடியாது. வாடகைக் கார் மூணு நாளைக்குக் கம்மியாத் தர மாட்டாங்கல்ல? நாளைக்கு வடக்குப் பக்கம் போலாம். நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

போனோம். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. எதிரே வந்த அத்தனை பேரும் எனக்குத் தூக்கினார்கள்.