இருபத்துமூன்று தாள்களும் ஒரு முழங்காலும்

நான் பயந்தவன். ஆனால் என் பயத்தில் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் எண்ணுவேன், பிறகு பயப்படுவேன்.

நாலு வருடத்துக்கு முன் என் பேத்தி ஆரபி ஏ.எல். பரீட்சை முடித்தபோது, பயப்படுவதற்கு மூன்று கல்லூரிகள் கிடைத்தன. அவள் நானூறு மீற்றர் ஓடுகிறவள். முதலாவதில் நல்ல மைதானம். படித்து முடித்தால் என்ன வேலை என்று கேட்டேன், சிரித்தார்கள். இரண்டாவதில் வேலைக்கு வழி இருந்தது. ஓடுவதற்கு வாகனத் தரிப்பிடம்தான் இருந்தது. பொரளைப் பக்கம் இருந்த மூன்றாவதில் பிசியோதெரபிப் படிப்பும் ஓட்ட அணியும் சேர்ந்தே இருந்தன. ஆனால் அணியில் மிச்சம் ஒரே ஓர் இடம்.

வீட்டில் எல்லோரும் அந்த இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தார்கள். நான் கிடைத்த பிறகு முழங்கால் போய்விடுமோ என்றும் சேர்த்துப் பயந்தேன். முந்தைய வருடம் அவள் பயிற்சியில் விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரே அலுமாரியில் இருந்தது. எலும்பில் ஒரு குறையும் இல்லை. அதைக் காட்டினால் நல்லதுதானே என்றேன்.

"அம்மப்பா, கேக்காததைக் குடுக்காதேங்கோ," என்றாள் ஆரபி.

அவளுக்குத் தெரியாமல் சான்றிதழ் ஃபைலுக்குள் வைத்தேன். அவளோடு அந்த மூன்றாவது கல்லூரிக்குப் போக வெள்ளவத்தையில் பஸ் ஏறுமுன் எண்ணினேன், இறங்கியும் எண்ணினேன். இருபத்துமூன்று தாள், ஓர் எக்ஸ்ரே. கணக்குச் சரி.

ஓட்ட அணியின் பயிற்றுநர் சிங்களவர். என்னைச் 'சீயா' என்று மரியாதையாக அழைத்தார் (அவர்கள் தாத்தாவைச் சொல்வது அப்படி). அவளுடைய ஓட்ட நேரங்களைப் பார்த்துச் சிரித்தார், கையொப்பமிடப் பேனையைத் திறந்தார். அப்போதுதான் நான், யாரும் கேளாமல், எக்ஸ்ரே உறையை நீட்டினேன்.

அவர் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். சிரிப்புப் போயிற்று. எத்தனை வருடமாக நோகிறது என்று அவளிடம் மெல்லக் கேட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். எலும்போடு எலும்பு முட்டிக்கொண்டு நின்றது. அந்த முழங்கால் மூட்டை எனக்குத் தெரியும். பதினொரு வருடமாக என்னோடு மாடி ஏறுகிற மூட்டு. (அலுமாரியில் இரண்டு எக்ஸ்ரே இருந்தன. இரண்டு என்பதும் எனக்குத் தெரியும், எண்ணியிருந்தேன். திறந்துதான் பார்க்கவில்லை.)

அது என் கால் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். படத்தின் ஓரத்தில் இருந்த பெயரோ மங்கிப்போயிருந்தது. பேத்தியின் குறையைக் கிழவன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் பேனையை மூடினார்.

ஆரபி எழும்பினாள். நாலு மாடியும் ஏறி இறங்கிக் காட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஓடினாள். நான் கதிரையில் இருந்து காலடிச் சத்தத்தை எண்ணினேன். அறுபத்தொன்றில் சத்தம் நின்றது. முழங்கால் போயிற்று, இடம் போயிற்று, படிப்புப் போயிற்று, வேலை போயிற்று என்று நாலு வரை எண்ணினேன். மறுபடி சத்தம் கேட்டது. (தேத்தண்ணித் தட்டோடு ஒருவர் இறங்கினாராம், வழி விட்டாளாம்.)

திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது. பயிற்றுநர் பேனையைத் திறந்தார். அப்படியானால் இது சீயாவின் காலா என்று கேட்டார். ஓம் என்று எழும்பினேன். 'கடக்' என்றது மூட்டு. அன்று நான் கொடுத்த ஒரே சரியான அத்தாட்சி அதுதான்.

"எண்ணினது போதும் அம்மப்பா," என்றாள், பஸ்ஸில். "இனித் திறந்து பாருங்கோ."

இப்போது அவள் கடைசி வருடம். அந்தப் படத்தை அவள் பாடத்துக்கென்று வகுப்புக்குக் கொண்டுபோனதில், அவளுடைய சிநேகிதிகளுக்கு என் முகத்தைவிட என் முழங்காலை நன்றாகத் தெரியும். அவள் ஓடி வென்றால் என் மகள் இப்படித்தான் ஃபோனில் சொல்கிறாள்: "அப்பா, உங்கட முழங்கால் திரும்பவும் முதலாவதாம்."

இதுவரை ஏழு தரம். எண்ணி வைத்திருக்கிறேன்.