மூன்று புள்ளிக்குப் பின்னால் வெள்ளம்

ஒரு காட்டில் ஒரு செயலி இருந்தது. ஒரு சிங்கமும் இருந்தது. சிங்கத்தை நேரில் பார்த்தவர்கள் குறைவு. செயலியைப் பார்க்காதவர்கள் எவரும் இல்லை.

செயலி வருவதற்கு முன்பு செய்தி சொல்லும் வேலை ஒரு கருமந்தியிடம் இருந்தது. அது உயரமான மரத்தில் ஏறி, "தீ வருது!" என்றோ "தண்ணி வருது!" என்றோ கத்தும். அதன் அறிவிப்பில் வரவேற்புரை கிடையாது, நன்றியுரை கிடையாது. முன்னேறிய காட்டில் இப்படி ஒருவர் மரத்தில் தொங்கிக்கொண்டு கத்துவது கேவலம் என்று செயலர் நரிக்குத் தோன்றியது. கருமந்திக்குச் சால்வை போர்த்தி, இனி வாயைத் திறக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொண்டார்கள். எல்லா விலங்குகளுக்கும் கைபேசி கொடுத்தார்கள். கை இல்லாதவர்களுக்கும் கொடுத்தார்கள்.

செயலியை உருவாக்கியவன் தூக்கணாங்குருவி துரைப்பாண்டி. கூட்டைப் போலவே அதையும் அழகாகப் பின்னியிருந்தான். திரையின் மேலே அறிவிப்புக்கு ஒரு சின்னக் கட்டம். அதன் கீழே, திரை முழுவதும், சிங்கத்தின் முகம். கட்டத்துக்குள் அறிவிப்பு ஒரே வரியில் வந்து நிற்கும். அந்த வரியில் அடங்காதது எதுவானாலும் மூன்று புள்ளிகளாகிவிடும். புள்ளிகளைத் தொட்டால் அரசர் ஒருமுறை கர்ஜிப்பார். வேறொன்றும் நடக்காது.

ஒரு வரி ஒன்றும் மோசமில்லை. "தண்ணி வருது" என்பதற்கு அரை வரி போதும். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த அறிவிப்பையும் அரசரின் பட்டங்களைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. ஆகவே நாவல் மரம் பழுத்தாலும், சிறுத்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், திரையில் தெரிவது இதுதான்:

காடாளும் கருணைக்கடல் பிடரி வேந்தர்...

பட்டங்களைப் புனைந்தது அரசவைப் புலவர் மயில். மழைக்காலம் போனால் மயிலுக்கு ஆட்டம் இல்லை, அடைமொழி உண்டு.

ஓடைக்கரையில் முள்ளம்பன்றி அஞ்சலையின் வளை இருந்தது. போன வாரம்தான் குட்டிகள் போட்டிருந்தாள். அவற்றின் முள் இன்னும் கெட்டிப்படவில்லை. தொட்டால் துடைப்பக் குச்சிபோல வளையும். ஓடை வறண்டு கிடந்தது. ஓடை தொடங்கும் இடத்தில் யானைகள் மரங்களை உருட்டிப் போட்டு நீரை மறித்து வைத்திருந்தன. மலையில் மழை பெய்து அணை நிரம்பினால் யானைகள் திறந்துவிடும். திறப்பதற்கு முன்பு செயலருக்குச் சொல்லி அனுப்பும். செயலர் அதைச் செயலியில் அறிவிப்பார். ஏற்பாடு அதுதான்.

வளையை விட்டுப் போக வேண்டுமானால் மேட்டுக்குத்தான் போக வேண்டும். மேட்டில் கழுதைப்புலி இருந்தது. முள் முற்றாத குட்டிகள் அதற்கு இட்லி மாதிரி. முன்கூட்டிப் போனால் கழுதைப்புலி, போகாமல் இருந்தால் வெள்ளம். தண்ணீர் எப்போது வருகிறது என்பது ஒன்றுதான் அஞ்சலைக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மலைமேல் மின்னல் வெட்டத் தொடங்கியது. கைபேசி அடிக்கடி மணியடித்தது. ஓடிப்போய்ப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் அரசர் கருணைக்கடலாகவே இருந்தார்.

அவள் துரைப்பாண்டியைத் தேடிப் போனாள். அவன் ஈச்ச மட்டையின் நுனியில் தலைகீழாகத் தொங்கியபடி வேலை செய்துகொண்டிருந்தான்.

"தம்பி, இந்தப் புள்ளிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"செய்தி இருக்குக்கா."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஒரு வரிதான் காட்டணும்னு வச்சிருக்கேன். பார்க்க எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க."

"லட்சணத்தை வச்சு நான் என்ன பண்ண? என் பிள்ளைங்க வளைக்குள்ள கிடக்குதுங்க. ரெண்டு வரி ஆக்க முடியாதா?"

"ஒண்ணுங்கிற இடத்துல ரெண்டுன்னு மாத்தணும். கொத்துற நேரம்கூட ஆகாது."

"அப்ப மாத்து."

துரைப்பாண்டி நாலு பக்கமும் பார்த்தான். "செயலர் உத்தரவு வேணும்க்கா," என்றான்.

செயலர் நரி ஒரு வரியைத் தாண்டி யோசிக்காதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அஞ்சலை சொன்னதை முழுவதும் கேட்டார். கண் கலங்கினார். "ஒரு தாய் கேட்கிறார். அரசு தரும்," என்றார்.

அந்த வாரமே இரண்டாம் வரியின் திறப்பு விழா நடந்தது. பந்தல் போட்டார்கள். கூட்டத்துக்குப் பின்வரிசையில் அஞ்சலையும் குட்டிகளோடு நின்றாள். செயலர் பொத்தானை அமுக்கினார். கட்டம் மெல்ல விரிந்தது. வரி மடங்கிக் கீழே இறங்கியது. குயில்கள் கூவின. எல்லோருடைய திரையிலும் இரண்டு வரிகள் தோன்றின:

காடாளும் கருணைக்கடல் பிடரி வேந்தர்
குகைகொண்ட குலவிளக்கு கர்ஜனைச் செம்மல்...

அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். அவள் கேட்காமலே எல்லோரும் விலகினார்கள். முள்ளம்பன்றியாகப் பிறந்ததில் அந்த ஒரு வசதி உண்டு.

"ஐயா, ரெண்டாவது வரி செய்திக்குன்னு கேட்டேன்."

புலவர் மயில் முகம் சுளித்தது. "ஒரு வரிப் பட்டத்தை இரண்டு வரி இடத்தில் போட்டால் அரசரின் புகழ் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்காதா? இரவெல்லாம் கண்விழித்து எழுதினேன். நன்றி சொல்லக்கூட நாதியில்லை."

"மூணு வரி தர்றோம்," என்றார் செயலர், இன்னும் கலங்கிய கண்களோடு.

மூன்று வரி தந்தார்கள். மயில் மூன்றாம் வரியில் அரசரை வைகறைச் சூரியனாக்கியது. நான்கு தந்தார்கள். நான்காம் வரியில் அவர் சூரியனுக்கே ஒளி கொடுத்தார். எழுத்தின் அளவைக் குறைத்தார்கள். பட்டங்கள் இன்னும் நெருக்கமாக உட்கார்ந்துகொண்டன. புள்ளிகள் மட்டும் அதே இடத்தில், கட்டத்தின் கடைசி மூலையில், எறும்புகள்போல நின்றன.

அஞ்சலைக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. சின்ன யோசனைதான், ஆனால் காட்டில் யாருக்கும் அதுவரை வராதது. அதைச் சொல்லச் செயலகத்துக்குப் போனாள்.

"ஐயா, செய்தியை முதல்ல போட்டுட்டு, பட்டத்தைப் பின்னால போட்டா என்ன?"

மயில் தன் தோகையை மடக்கிக்கொண்டது. வாசலில் படுத்திருந்த செந்நாய்கள் எழுந்து நின்றன.

"அம்மா," என்றார் செயலர் மெதுவாக, "அரசரைப் புள்ளிக்குப் பின்னால் நிறுத்தச் சொல்கிறீர்களா?"

"நான் அப்படிச் சொல்லலை..."

"அங்கே நிற்பதற்கு அவர் என்ன செய்தியா?"

அவள் செந்நாய்களைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள். வெளியே வந்ததும் துரைப்பாண்டி கிசுகிசுத்தான்.

"அக்கா, வரிக்கு எல்லையே வைக்காம விடலாம். எழுத்து எவ்வளவு இருக்கோ கட்டம் அவ்வளவுக்கு நீளும். பட்டமும் இருக்கும், செய்தியும் இருக்கும்."

"பின்ன ஏன் விடலை?"

"கட்டம் நீண்டா அரசர் முகத்தை மூடிடும். கண்ணு மறையும், அப்புறம் மூக்கு. கடைசில வெறும் தாடைதான் நிக்கும்."

"நிக்கட்டுமே."

"எனக்கு மூணு கூடு பாதியில நிக்குதுக்கா," என்று சொல்லிவிட்டு அவன் பறந்து போனான். நல்ல பையன். நல்லவர்களுக்கு எப்போதும் ஏதாவது பாதியில் நிற்கிறது.

மறுநாள் காலை மலை கறுத்துக் கிடந்தது. கைபேசி மணியடித்தது. நான்கு வரிகள், மூன்று புள்ளிகள். அஞ்சலை வளைக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், தலையை நிமிர்த்தினாள்.

எதிர்ச் சரிவில் செயலர் நரியின் மெத்தை மேலே போய்க்கொண்டிருந்தது. இரண்டு செந்நாய்கள் அதைச் சுமந்தன. பின்னால் செயலரின் மனைவி, பிள்ளைகள், ஊறுகாய்ச் சாடி, சுவரில் மாட்டியிருந்த விருதுகள். ஓடைக்கரைப் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். யானைகள் அனுப்பிய செய்தியை முழுவதும் படித்தவர் காட்டில் அவர் ஒருவர்தான். பட்டங்களை ஒட்டுவதற்காகவாவது ஒருவர் படித்தாக வேண்டுமே.

அஞ்சலை குட்டிகளைக் கிளப்பினாள். பக்கத்து வளையில் கீரி மருதாயி இருந்தாள்.

"மருதாயி, கிளம்புடி. தண்ணி வருது."

"அறிவிப்பு வந்துச்சா?"

"வந்துச்சு."

"தண்ணின்னா போட்டிருக்கு?"

"அரசர் கருணைக்கடல்னு போட்டிருக்கு."

"அப்புறம் என்னடி? காலங்காத்தால பயமுறுத்திக்கிட்டு. என் பிள்ளைங்க இப்பதான் தூங்குதுங்க."

"செயலர் மெத்தை மேல போகுது மருதாயி."

"அவருக்கு என்ன, பெரிய இடம். காத்தோட்டமா படுக்கப் போறாரு. நமக்கு மேட்டுல கழுதைப்புலிதான் பாய் விரிச்சிருக்கும்."

அஞ்சலைக்கு நிற்க நேரமில்லை. செந்நாய்களுக்குப் பத்தடி பின்னால், விருதுகளின் வரிசையில் தானும் ஒன்றுபோலக் குட்டிகளோடு நடந்தாள். கழுதைப்புலி புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது; செந்நாய்களைக் கண்டதும் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

மேட்டில் ஏறித் திரும்பியபோது தண்ணீர் வந்தது. முதலில் ஒரு மணம், ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்தது. பிறகு ஓசை. பிறகு ஓடை என்று ஒன்று அங்கே இல்லை. ஒரு மரத்தில் கருமந்தி சால்வையைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தது. அதன் வாய் ஒருமுறை திறந்து மூடியது. மருதாயியின் வளை இருந்த இடத்தில் நுரை சுழன்றது. அஞ்சலை அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

அரசரின் குகை ஓடை வளையும் தாழ்வில் இருந்தது; குளுமையான இடம் வேண்டும் என்று அவரே கேட்டது. அவருக்கும் அறிவிப்புப் போயிருந்தது. நான்கு வரிகளையும் அவர் திரும்பத் திரும்பப் படித்திருக்க வேண்டும். தன்னைப் பற்றி எழுதியிருக்கும்போது புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் தேடுவார்கள்? உச்சி வெயில் நேரத்தில் அவர் மேட்டுக்குக் கீழே மிதந்து போனார். பிடரி நீரில் விரிந்து, பெரிய சாமந்திப் பூவாகச் சுழன்று, வளைவில் மறைந்தது. வைகறைச் சூரியன் என்று மயில் எழுதியது அந்த ஒரு கணம் பொருத்தமாகத்தான் இருந்தது.

செயலர் நரி கரையில் நின்று தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கினார். பிறகு துரைப்பாண்டியைக் கூப்பிட்டு, மரபுப்படி, முழு மரியாதையோடு, அரசர் இறந்த செய்தியை அறிவிக்கச் சொன்னார்.

காடு முழுவதும் மணியடித்தது. தப்பிப் பிழைத்த விலங்குகள் கிளைகளிலும் பாறைகளிலும் இருந்தபடி திரையைப் பார்த்தன:

காடாளும் கருணைக்கடல் பிடரி வேந்தர்
குகைகொண்ட குலவிளக்கு கர்ஜனைச் செம்மல்
வைகறைச் சூரியன் வனத்தின் வரப்பிரசாதம்
சூரியனுக்கே ஒளி தந்த சொக்கத்தங்கம்...

"பரவாயில்லை, இவ்வளவு பெரிய வெள்ளத்திலும் அரசர் நல்லா இருக்கார்," என்றது ஒரு முயல். எல்லோருக்கும் மனம் கொஞ்சம் ஆறியது. செயலர் அன்று மாலையே அரசரின் பெயரால் புது வரி போட்டார். மறுநாள் அரசரின் பெயரால் தனக்கு ஒரு பங்களா ஒதுக்கிக்கொண்டார். அந்த அறிவிப்புகளும் ஒளிவுமறைவில்லாமல் செயலியில் வெளிவந்தன.

அஞ்சலையின் குட்டிகள் அவள் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டு தூங்கின. அவள் கைபேசியைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு மூன்று புள்ளிகளை மூக்கால் தொட்டாள்.

இறந்துபோன சிங்கம் ஒருமுறை கர்ஜித்தது.

நீதி: செத்த பின்னும் ஆள விரும்புகிறவர் தம் பெயரை நான்கு வரிக்கு நீட்டிக்கொள்க; சாகாமலிருக்க விரும்புகிறவர் அறிவிப்பைப் படிக்காமல் செயலரின் மெத்தை எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க.