கரடி டெய்லரும் என் தொப்பையும்

கரடி டெய்லர் தங்கம் கடத்துகிறார் என்று ஒரு வாரம் முழுக்க நம்பியவன் நான். அந்தக் கடத்தலில் என் தொப்பை கூட்டாளி என்றும் நம்பினேன்.

ஸ்ரீரங்கத்தில் அவர் கடை வாசலில் 'பிளவுஸ் தைத்துத் தரப்படும்' என்று போர்டு தொங்கும். உள்ளே போனால் கரடி பொம்மைகள்தான். உலகத்தில் எல்லாரும் கரடியைத் தைக்கிறார்கள். இவர் ஒருவர்தான் வளர்த்தார். தேங்காய் நாரில் ஒன்று செய்தார், தொட்ட குழந்தையெல்லாம் சொறிந்துகொண்டது. வெட்டிவேர் அடைத்தார், மழைக்காலத்தில் கரடி பானைத் தண்ணீர் மாதிரி மணத்தது. மனிதர் அசரவில்லை. காவிரி மணலைக் கழுவி, வாணலியில் வறுத்து, பையில் கட்டி ஒரு புதுக் கரடியின் வயிற்றுக்குள் வைத்தார். பேண்ட்டுக்கு ஜிப் மாற்றப் போன என் மடியில் அதைத் தூக்கிப் போட்டார்.

"ஒரு வாரம் இதை வயித்து மேல போட்டுக்கிட்டுப் படுங்க சார்."

"நானா? எதுக்கு?"

"புதுச் செருப்பு கடிக்கும்ல? புதுக் கரடியும் அப்படித்தான். பழக்கணும். உங்க தொப்பைதான் சரியான அளவு."

"யாருக்கு இது?"

"ஷார்ஜாவுலேர்ந்து ஆர்டர். யாருகிட்டயும் காட்டாதீங்க, கண்ணு பட்டுடும்."

போதாதா? எங்கள் ஊரில் காலைப் பேப்பரைப் பிரித்தாலே ஏர்போர்ட்டில் தங்கம் பிடிபட்டிருக்கும். கரடியோ பச்சைக் குழந்தை கனம். தங்கம் அங்கிருந்து இங்கே வரும், இந்தக் கரடி ஸ்ரீரங்கத்திலேயே பிறந்தது என்ற சின்ன விஷயம் என் பயத்துக்கு எட்டவில்லை. பால்காரர் பெல் அடித்தாலும் கரடியைப் பீரோவில் பூட்டினேன்.

"இந்த வயசுல பொம்மையோட என்னங்க கண்ணாமூச்சி?" என்றாள் மனைவி.

வாரக் கடைசியில் கரடியோடு கடைக்கு ஓடினேன். ஜீயபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் அங்கே காத்திருந்தார். தோளில் அழுது களைத்த குழந்தை.

"பிரிங்க! என் கண் முன்னாடி பிரிச்சுக் காட்டுங்க!" என்று டெய்லரிடம் கத்தினேன்.

அவர் தையலைப் பிரித்தார். மணல். இலவம்பஞ்சு. அதற்குள் சுருட்டி வைத்த ஒரு பழைய கைலி.

"இவ அப்பாவோடது சார்," என்றார் அந்தப் பெண். "ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போயிட்டாரு. அவரு வயித்து மேலதான் இவ தூங்குவா. போனதுலேர்ந்து தூக்கமே இல்ல. அவருதான் போன்ல இதைச் செய்யச் சொன்னாரு."

"அவருக்கும் உங்க மாதிரியே தொப்பை சார்," என்றார் டெய்லர். "அது ஏறி இறங்குறதுல மணல் படியணும். அப்பத்தான் அப்பா மேல படுத்த மாதிரி இருக்கும். அவரு ஒல்லியா இருந்தா உங்களை ஏன் தேடப் போறேன்?"

அவர் மறுபடி தைத்து முடிக்கும்வரை, கரடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி குழந்தை கரடி மேல் குப்புறப் படுத்து, விடியும்வரை தூங்கியது. காலையில் அதன் அம்மா டெய்லருக்குப் போன் செய்து சொன்னபோது நானும் கடையில் இருந்தேன். "நல்லதும்மா" என்று போனை வைத்த டெய்லர், ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நுழையவில்லை. மறுபடி பார்த்தார். நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.